நின்றார், நிறுத்தப்பட்டார்

உள்ளாட்சித் தேர்தலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் இப்போதெல்லாம் எங்கள் பக்கம் வந்தால் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்கிறார்கள். பெண் உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்குள் போனதும், "சார், நீங்க கொஞ்சம் வெளியில இருக்கீங்களா? மேடத்துகிட்ட தனியா பேசணும்" என்று வீட்டுக்காரரை எழுப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார். அதற்கப்புறம்தான் ரெக்கார்டரை ஆன் செய்கிறார்கள். முதல் கேள்வி, "நீங்களா நின்னீங்களா, நிக்க வெச்சாங்களா?" ஏன் இப்படி என்று கேட்டால், அரசியல் வரலாற்றில் இது ஒரு முறை என்கிறார்கள். அந்த முறை பிறந்தது விருத்தாசலத்தில், எங்கள் வீட்டுச் சமையலறையில், நான் கரண்டியும் கையுமாகப் போட்ட சண்டையில் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் என் கணவரின் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டும், அதை நான் செய்கிறேன்.

என் கணவர் வரலாற்று ஆசிரியர். எங்கள் மாவட்டத்து மங்களூர் பக்கத்தில் ஒரு கிராமம், மானாவாரி நிலம், வீட்டில் முதல் பட்டதாரி. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தார். அந்தக் கௌரவத்தை நம்பிக் கடைக்காரர் அரிசி கொடுக்க மாட்டார். முனைவர் பட்டம் வாங்கினால்தான் நிரந்தர வேலைக்கு வழி. அதற்காக அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு எங்கள் வட்டாரத்து உள்ளாட்சித் தேர்தல்கள்.

ஆராய்ச்சி என்றால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். தேர்தல் முடிந்து வெள்ளையடித்த சுவர்களுக்கு முன்னால் நின்று, சுண்ணாம்புக்கு அடியில் மங்கலாகத் தெரிகிற பழைய வேட்பாளர் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிப்பார். எந்தச் சுவரை எந்தக் கட்சி முன்பதிவு செய்திருந்தது, அதை யார் வந்து அழித்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஜங்ஷன் ரோட்டில் அவர் இப்படிச் சுவரோடு முகம் வைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு ஒருத்தர் என்னிடம், "சாரு பெயின்ட் கான்ட்ராக்டு எடுத்திருக்காரா?" என்று நிஜமாகவே கேட்டார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாளைக்கு வேலை கேட்டு ஆள் வந்துகொண்டிருந்தது.

நான் பி.காம். படித்தவள். செராமிக் தொழிற்பேட்டையில் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, அகல் விளக்கும் சின்னச் சின்னப் பொம்மைகளும் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்குப் பெரிய பிரச்சினை சாக்கடை. ஷெட்டுகளிலிருந்து வெளியேறுகிற வெள்ளைக் களிமண் தண்ணீர் அதில் படிந்து படிந்து இறுகிப்போய், மழை வந்தால் அடைத்துக்கொண்டு வீடுகளுக்குள் ஏறிவிடும். அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு நாங்கள் தரையில் ஈரத்தில் நிற்போம். ஒரு மழைக்குப் பிறகு நான் அப்போதைய கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். அவர் பேப்பரை மடிக்காமலே, "வூட்டுக்காரரு இல்லியா? சார வரச் சொல்லும்மா, பேசிக்கலாம்" என்றார்.

"சாக்கடை எங்க ஷெட்டு முன்னாடி ஓடுதுங்க. சாருக்கு ஷெட்டு இல்லீங்களே" என்றேன்.

அவர் சிரித்தார். "சரி சரி. சார வரச் சொல்லு."

முதலில் இருந்த 'ம்மா' இரண்டாவது தடவை காணாமல் போயிருந்தது. வீடு வந்து சேருவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். அடுத்து வந்த தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது எனக்கு வசதியாகப் போயிற்று. ஒதுக்காவிட்டாலும் நின்றிருப்பேன்.

என் கணவர் வேண்டாம் என்றார். சும்மா ஒரு வார்த்தைக்குச் சொல்லவில்லை, கடுமையாகவே சொன்னார். இரண்டு காரணம் வைத்திருந்தார். ஒன்று, வேலை. "நாளைக்குக் கட்சிக்காரங்க எவனாவது காலேஜுல போட்டுக் குடுத்தான்னா எனக்குச் சீட்டுக் கிழிஞ்சிரும்." இரண்டாவது, ஆராய்ச்சி. "நான் தேர்தல ஆராயறவன். என் வூட்டுலயே ஒரு வேட்பாளர் இருந்தா என் நடுநிலை என்ன ஆவறது?"

"நடுநிலைய நீங்க வெச்சுக்குங்க. சாக்கடைய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

வேட்புமனு கொடுக்கிற அன்றைக்கு அவர் கல்லூரிக்குப் போய்விட்டார். என்னோடு வந்தது என் மாமியார். அப்போது அவர் எங்களோடுதான் இருந்தார். வெயிலில் வெற்றிலையை மென்றபடி வீடு வீடாக ஏறி, "எம் மருமவளுக்குப் போடுங்க, வாய் கொஞ்சம் நீளம், ஆனா வேல செய்வா" என்று ஓட்டுக் கேட்டார். என் கணவர் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமானாலும் அம்மாவிடம்தான் கேட்டார். அவர் அம்மா, "உப்பு அவ கிட்ட இருக்குது, அவளயே கேளு" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவார். கட்சிச் சின்னம் இல்லை, கொடி இல்லை. சுயேச்சையாக நின்று ஜெயித்தேன். ஜெயித்த அன்று சாயங்காலம் அவர் ஒரு ரோஜா மாலையோடு வந்தார். அதற்குப் பிறகு உதவியாகத்தான் இருந்தார், அதை மறைக்க மாட்டேன். அரசாணைகளைப் படித்து அர்த்தம் சொல்வார். நகராட்சிக் கூட்டத்தில் நான் கேட்ட கேள்விகளை வீட்டுக்கு வந்து அவரிடம் ஒப்பிப்பேன், அவர் ரசித்துக் கேட்பார்.

ஊர் என்ன சொல்லிற்று என்றால், "வாத்தியாரு பொண்டாட்டிய நிக்க வெச்சி ஜெயிச்சிட்டாருய்யா" என்று சொல்லிற்று. காலையில் கதவைத் தட்டி, "கவுன்சிலர் சார் இருக்காருங்களா?" என்பார்கள். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுத்து, "கவுன்சிலர் உள்ள தோசை சுடறாங்க, உக்காருங்க" என்பார். வந்தவர் அதை ஏதோ தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, கையில் இருக்கிற மனுவை அவரிடமே நீட்டுவார். சாக்கடை வேலை நடந்தபோது நான் குழியின் விளிம்பில் நின்று மேஸ்திரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதும் ஒருத்தர் போகிற போக்கில், "சார் நல்லா வேல வாங்கறாருங்க" என்று என்னிடமே பாராட்டிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் நான் தூசு மாதிரி தட்டிவிட்டேன். ஊர் வாயை மூட எனக்கு நேரமில்லை. ஆனால் அது ஊர் வாயோடு நிற்கவில்லை.

ஆய்வேட்டின் முக்கியமான இயலை அவர் டைப் செய்து கொண்டுவந்து பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். எப்போதும் நான்தான் பார்ப்பேன். அவருக்கு ஒற்று எங்கே போட வேண்டும், எங்கே கூடாது என்று இன்றுவரை பிடிபடவில்லை. ஷெட்டில் விளக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தேன். மகளிர் வார்டுகள் என்ற பகுதியில் எங்கள் வார்டு வந்தது. 'இவ்வார்டு மகளிருக்கு ஒதுக்கப்பட்டதைத் தொடர்ந்து, கல்லூரி ஆசிரியர் ஒருவரின் மனைவி, கணவரால் சுயேச்சை வேட்பாளராக நிறுத்தப்பட்டார்.'

ஒற்றுப் பிழை எதுவும் இல்லை. நான் அதை மறுபடி படித்தேன். கணவரால். என்னோடு பேசாமல் உப்புக்கு அம்மாவைக் கூப்பிட்ட அதே கணவரால். எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்தில் இருந்த பொம்மைகள் தப்பித்தது அவற்றின் நல்ல நேரம்.

அவர் கல்லூரியிலிருந்து வந்ததும் நேராகச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். "யாரு என்ன நிறுத்தினது?"

அவர் சட்டென்று புரிந்துகொண்டார். "அது வந்து... தகவலாளர்கள் சொன்னது."

"எந்தத் தகவலாளர்?"

பழைய கவுன்சிலர், கட்சியின் வட்டச் செயலாளர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர். "நாலு பேருகிட்ட தனித்தனியா கேட்டேன். நாலு பேரும் அச்சு மாறாம ஒரே மாதிரி சொல்றாங்க. அத விட வலுவான சான்று என்ன இருக்குது?"

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் எப்படிச் சொல்ல முடியும்? நான் சம்பந்தப்பட்டவன். என் சாட்சிய நானே சேத்துக்கக் கூடாது."

"சரி. என்னக் கேக்கலாமில்ல?"

"நீயும் சம்பந்தப்பட்டவதான? பொண்டாட்டி சொன்னான்னு அடிக்குறிப்புப் போட்டா சிரிப்பாங்க."

"ஓஹோ. நம்ம வூட்டுக்குள்ள நடந்தது சம்பந்தமே இல்லாத நாலு பேருக்குத்தான் தெரியும். அப்படித்தான?"

அவர் பொய் எழுத நினைக்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். நடுநிலை நடுநிலை என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டதில், தன் வீட்டில் தானே செய்ததைக்கூட டீக்கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைக்கு மனிதர் போயிருந்தார். வரலாறு படித்தவர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. ஆனால் அதற்காக நான் விட்டுவிடுவதாக இல்லை. அந்த ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் போய் உட்காரும். நானும் அவரும் போன பிறகும் அது அங்கே இருக்கும். என் வாழ்க்கையில் நானாக எடுத்த பெரிய முடிவு அது ஒன்றுதான். கல்யாணம்கூடப் பெரியவர்கள் பார்த்து முடித்தது. அந்த ஒன்றையும் தூக்கி இன்னொருத்தர் கையில் கொடுத்து அட்டை போட்டு வைத்தால் நான் சும்மா இருப்பேனா?

"இன்னும் ஒண்ணு கேக்கறேன்" என்றேன். "நம்ம வூட்டு விஷயமே இப்படி எழுதியிருக்கீங்க. மத்த வார்டு, பஞ்சாயத்து எல்லாத்துலயும் நிறுத்தப்பட்டார், நிறுத்தப்பட்டார்னு போட்டிருக்கீங்களே, அதெல்லாம் எப்படித் தெரியும்?"

"நேராப் போயிக் கேட்டேன்."

"யார? அந்தம்மாவயா, அவங்க வூட்டுக்காரரயா?"

"ரெண்டு பேரும் இருந்தாங்க." குரல் இறங்கிவிட்டது. "அவரு பேசினாரு. அந்தம்மா காபி குடுத்தாங்க."

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "மறுபடியும் எல்லாரையும் பாக்கணும். நீ வரியா?" என்றார்.

நான் போனேன். போகிற வீடுகளில் வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டோம். அவர் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட வேண்டும். நான் உள்ளே அந்தப் பெண்ணோடு பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி.எஸ். வண்டியில் ஏறிக் கிளம்பிவிடுவோம். வெளியே அவர் டீயாகக் குடித்துத் தள்ளி அந்த வருஷம் முழுக்க நெஞ்செரிச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அரசியல் வரலாற்றுக்காக அவர் செய்த தியாகம் அது.

டவுனில் ஒரு வார்டு உறுப்பினர், முஸ்லிம் பெண். கணவர் துபாயில் இருந்தார். முதல் தடவை என் கணவர் போனபோது அந்தப் பெண்ணின் கொழுந்தனார் பேசியிருக்கிறார். 'வெளிநாட்டிலிருந்து கணவர் தொலைபேசி வழியே அறிவுறுத்தியதன்பேரில் நிறுத்தப்பட்டார்' என்று இவரும் எழுதிவிட்டார். அந்தப் பெண் என்னிடம் அதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "யக்கா, நான் அவருக்குப் போன் பண்ணதே ஜெயிச்சதுக்கு அப்புறந்தான். முன்னாடியே சொன்னா வேணாம்பாருன்னு சொல்லவே இல்ல. தோத்திருந்தா இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

கம்மாபுரம் பக்கத்தில் ஒரு ஊராட்சித் தலைவி வேறு மாதிரி. சுரங்கத்துக்கு நிலம் போகிறது என்று பேச்சு நடந்துகொண்டிருந்த ஊர். அவர் ஒளிக்காமல் சொன்னார். "நிக்க வெச்சாங்கதான். எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்ல. கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். ஆனா நெலத்த அளக்க வந்தாங்க பாருங்க, அன்னிக்கி ஆம்பளைங்க ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. நாந்தான் போயி நின்னேன்." நான் எதிர்பார்த்துப் போனது இதை அல்ல. எல்லாப் பெண்களும் என்னைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்தம்மா என் நினைப்பைத் திருத்தி அனுப்பினார்.

இன்னொருவர், தானாகவே முடிவு செய்து தானாகவே மனு கொடுத்தவர். ஊருக்கே தெரியும். ஆனாலும் ரெக்கார்டரைப் பார்த்ததும், "நிக்க வெச்சாங்கன்னே எழுதிக்குங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "நானா நின்னேன்னு சொன்னா, என்னா திமிரு பாரும்பாங்க எங்க வூட்டு ஆளுங்க. நிக்க வெச்சாங்கன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தோத்தாலும் அவங்க தலைல போட்டுடலாம்ல?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

வண்டியில் திரும்பும்போது இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். டீக்கடைகளுக்கு வந்த மற்ற வார்டு ஆண் உறுப்பினர்களிடம் அவர் கேட்டது வேறு கதை. கட்சி சீட்டுக் கொடுத்து, கட்சி பணம் கட்டி, கட்சி கூட்டிக்கொண்டு போய் மனுப் போட வைத்த ஆண்கள் எல்லாரும், ஒருத்தர் விடாமல், "நான் நின்னேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தப்பட்ட ஆண்கள் நின்றேன் என்கிறார்கள். நின்ற பெண்கள் நிறுத்தினார்கள் என்கிறார்கள். அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எது சொன்னா மரியாதையோ அதச் சொல்றாங்க. அது தகவல் இல்ல. மரியாதை. இத்தனை நாளா நான் மரியாதையத் தகவல்னு நெனச்சி எழுதிக்கிட்டிருந்திருக்கேன்" என்றார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

அந்த இயலை அவர் முதலிலிருந்து எழுதினார். அவருடைய நெறியாளருக்கு அது பிடிக்கவில்லை. அரசியல் வரலாறு என்றால் கட்சி, சட்டமன்றம், அரசாணை. வீட்டுக்குள் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வேறு துறைக்காரர்களின் வேலை என்றார். பழைய இயலையே கொடுத்துவிட்டால் சீக்கிரம் பட்டம் கிடைக்கும், வேலைக்கு விண்ணப்பம் போடலாம் என்றும் ஆசை காட்டினார். என் கணவர் சாதுவான ஆள். பஸ்ஸில் சில்லறை பாக்கி கேட்கக் கூச்சப்படுவார். அவர் நெறியாளரின் அறையில் உட்கார்ந்து, "ஐயா, ஓட்டுப் பெட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி தேர்தல் வூட்டுக்குள்ளதான் நடக்குது. அத விட்டுட்டு எழுதினா அது பாதி வரலாறு" என்று சொல்லியிருக்கிறார். நெறியாளர் கடைசியில் ஒப்புக்கொண்டார். பின்னாளில் தன் மாணவர்களையெல்லாம் அதே வழியில் அனுப்பியவரும் அவரே.

புது இயல் டைப் ஆகி வந்தது. எங்கள் வார்டைத் தேடி எடுத்தேன். 'இவர் குடும்பத்தினரின் எதிர்ப்பையும் மீறி, சுயேச்சை வேட்பாளராகத் தாமே நின்றார்.' அடிக்குறிப்பில், 'நேர்காணல்: வார்டு உறுப்பினர், ஆய்வாளரின் மனைவி, சமையலறை' என்று போட்டிருந்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. கேசரி கிளறினேன். மாமியார் முற்றத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அவர் உரிப்பதை நிறுத்தினார். "குடும்பத்தினர்னா யாரு?"

"வூட்டுல இருக்கறவங்க அத்தை."

"வூட்டுல யாரு இருந்தா? நானு, நீ, அவன். நீ நின்னவ. அப்ப எதிர்த்தது நானா? தெருத் தெருவா வெயில்ல அலைஞ்சி ஓட்டுக் கேட்டது யாருடி?"

கேசரி எனக்குக் கசந்துபோயிற்று. அவர் சொன்னது சரி. நின்றார் என்ற ஒரு வார்த்தையைப் பார்த்த சந்தோஷத்தில் நான் பக்கத்து வார்த்தையைப் பார்க்காமல் விட்டிருந்தேன். அன்று சாயங்காலம் என் கணவரைக் கேட்டேன். ஆய்வேட்டில் 'நான்' என்ற சொல் வரக் கூடாது, அது விதி என்றார். எல்லாவற்றையும் 'ஆய்வாளர்' என்றுதான் எழுத வேண்டுமாம். ஆய்வாளர் தன் மனைவியைத் தடுத்தார் என்று எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார்.

"பெருமை வரும்போது கணவரால்னு போட்டீங்க. பழி வரும்போது கணவரக் காணோம், குடும்பம் வந்துடுச்சி" என்றேன்.

"நின்றார்னு எழுதிட்டேன்ல? இன்னும் என்ன செய்யணும்?" என்றார். கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. அந்த வாக்கியத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. அவர் அதை அப்படியே அட்டை போட்டுப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு நாள் வந்தது. அது பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நானும் வருகிறேன் என்றேன். "என்னப் பத்தி என்னத்த எழுதி வெச்சிருக்கான்னு நானும் பாக்கறேன்" என்று மாமியாரும் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். வழி நெடுக என் கணவர் தன் அம்மாவுக்கு ஜன்னலோரம் விட்டுக் கொடுத்துவிட்டுத் தன் பேப்பர்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

துறை அரங்கில் மாணவர்கள், ஆசிரியர்கள் என்று நாற்காலிகள் நிறைந்திருந்தன. என் கணவர் முன்னால் நின்று பேசினார். நிறுத்தினார்கள், நின்றேன் என்ற பகுதி வந்ததும் அரங்கில் ஒரு அசைவு. எழுதாமல் இருந்தவர்களும் எழுத ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த பேராசிரியர் வயதானவர், மெல்லிய குரல். நிறையக் கேட்டார். என் கணவர் தடுமாறாமல் பதில் சொன்னார். அதன் பிறகு அந்தப் பெரியவர் எங்கள் வார்டு இருந்த பக்கத்தைத் திருப்பினார்.

"குடும்பத்தினரின் எதிர்ப்பையும் மீறின்னு எழுதியிருக்கீங்க. குடும்பத்தினர்னா யாரு? மாமியாரா?"

என் பக்கத்து நாற்காலி கிறீச்சென்றது. நான் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவர் பேப்பரைப் பார்த்தார். அதில் பதில் இல்லை. "மாமியார் இல்லீங்க ஐயா" என்றார். "அவங்க வீடு வீடாப் போயி ஓட்டுக் கேட்டாங்க. எதிர்த்தது கணவர் ஒருத்தர்தான்."

"அதுக்கு என்ன சான்று? அடிக்குறிப்பே காணோமே."

என் கணவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க ஐயா" என்றார். "நான்தான் வேணாம்னு சொன்னேன்."

நெறியாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"வேலைக்கு ஆபத்துன்னு சொன்னேன். ஆராய்ச்சிக்கு நடுநிலை போயிடும்னு சொன்னேன். ரெண்டும் நெசமில்லீங்க ஐயா. ஜெயிச்சிட்டா ஊருல என்னக் கவுன்சிலர் வூட்டுக்காரருன்னு சொல்லுவாங்களேன்னு இருந்துச்சு. எனக்குன்னு ஒரு பேரு இல்லாமப் போயிடுமேன்னு பயந்தேன். அதான் காரணம்."

இத்தனை வருஷத்தில் இதை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒரு கூட்டத்துக்கு முன்னால், பட்டத்துக்காக நிற்கிற நேரத்தில் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பெரியவர் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். "இத எழுதிக் குடுங்க. அடிக்குறிப்புல இல்ல, வாக்கியத்துலயே எழுதுங்க. நான்னே எழுதுங்க, பரவாயில்ல. அதுக்கப்புறம் பட்டம் குடுக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். யாரோ கைதட்டினார்கள், மற்றவர்களும் தட்டினார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். எவ்வளவு அடக்கியும் முடியவில்லை, விசும்பிவிட்டேன். மாமியார் என் முழங்கையில் இடித்து, முன் வரிசைவரை கேட்கிற குரலில் சொன்னார்.

"எதுக்குடி அழுவுற? அதான் ஒத்துக்கிட்டான்ல?"